முதுகைக் காட்டி

ஒரு கை தோளுக்கு அடியில், ஒரு கை இடுப்புக்கு அடியில். தையல்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு தன் அப்பாவை ஜன்னல் பக்கமாகப் புரட்டினாள். அத்தை அவர் முதுகுக்குப் பின்னால் தலையணையைச் செருகினாள். படுக்கைப் புண் வராமல் இருக்க இப்படி மாற்றி மாற்றிப் படுக்க வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். காலையிலிருந்து அப்பாவின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டாக்டருக்குப் போன் செய்தாயிற்று. கிளம்பிவிட்டதாகச் சொன்னார்.

அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிச் சிணுங்கின. அப்பாவின் இடது கை, பக்கவாதம் விட்டுவைத்த அந்த ஒரே பக்கம், கட்டில் சட்டத்தைத் தட்டியது. பஸ் நிற்க வேண்டுமானால் கண்டக்டர் தகரத்தில் தட்டுவாரே, அதே தட்டு.

"இப்பத்தானேடி திருப்பினோம்," என்றாள் அத்தை.

"மாப்பிள்ளை வரார் அத்தை. அப்பா ரோட்டைப் பாத்துப் படுத்திருக்கார்."

"மூச்சே விட முடியல, இதுல வீம்பு வேற. உங்கப்பனைப் பெத்த வயித்துக்குத்தான் கோயில் கட்டணும்." சொல்லிக்கொண்டே அத்தை தலையணையை உருவினாள். இருவருமாக அவரைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார்கள். தட்டுவது நின்றது.

மலைக்குள் சுரங்கம் வெட்டி அந்த அணுகுண்டு ஏவுகணைகளைக் கொண்டுவந்து வைத்தபோது ஊரார் வைத்த பெயர்தான் மாப்பிள்ளை. முன்னால் நாலு ஜீப், பின்னால் நாலு ஜீப், நடுவில் தார்ப்பாய் போர்த்திய நீள வண்டி. அழைக்காமல் வந்து வீட்டோடு தங்கிவிட்ட மாப்பிள்ளை. வேண்டுமா வேண்டாமா என்று ஊரில் ஓட்டு எடுத்தார்கள். வேண்டும் என்று போட்டவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். உங்கள் கருத்தை மதிக்கிறோம் என்று அரசாங்கத்திடமிருந்து பதில் வந்தது. அதற்குப் பின்னாலேயே புல்டோசரும் வந்தது.

விளக்கக் கூட்டத்தில் அப்பா எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊருக்கு ஒரு ஆம்புலன்ஸ் கேட்டா, ரோடு சரியில்ல, வராதுன்னீங்க. இந்தக் குண்டு வர்றதுக்கு மட்டும் ரோடு எங்கேருந்து முளைச்சுது?"

மேடையில் இருந்தவர்கள் தண்ணீர் குடித்தார்கள்.

மறியல் செய்தவர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகை பிடித்தவர்களின் பலகையைப் பிடுங்கினார்கள். அதன்பிறகு அப்பா கண்டுபிடித்ததுதான் முதுகு. வண்டி வரும் சத்தம் கேட்டால் பழைய கண்டக்டர் விசிலை ஒரு நீள ஊதல் ஊதுவார். கடையிலும் வீட்டிலும் இருப்பவர்கள் வெளியே வந்து சாலையோரம் நின்று, வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார்கள். கோஷம் கிடையாது. முதுகைக் காட்டியவனை எந்தச் சட்டத்தில் பிடிப்பது?

தம்பி மலைக்குச் சரளைக்கல் லாரி ஓட்டப் போன நாளிலிருந்து அப்பா அவனுக்கும் முதுகைத்தான் காட்டினார். அவன் வாசலில் நின்று, "சாப்பிட்டாரா?" என்று அக்காவிடம் கேட்பான். "கேட்டுச் சொல்றேன்," என்பாள் அவள், அப்பா இரண்டடி தூரத்தில் இருக்கும்போதே.

டம்ளர்களின் நடுக்கம் அடங்கியது. டாக்டர் வரவில்லை. தையல்காரி மறுபடி போன் செய்தாள்.

"பாலத்துல கயிறு கட்டிட்டாங்கம்மா. உயிர் போற கேஸ்னு சொல்லிப் பாத்துட்டேன். உத்தரவு வரணுமாம்."

"வண்டிதான் எங்க வீட்டைத் தாண்டிப் போயிடுச்சே டாக்டர்."

"மலைக் கதவு மூடின பிறகுதான் அவுப்பாங்களாம்."

அவள் சாலையைப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை. அந்தக் காலிச் சாலைக்குக் காவல் நின்ற சிப்பாய் ஒருவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். அறைக்குள் அத்தை, "அண்ணே," என்று கூப்பிட்டாள். மறுபடி, இன்னும் மெல்ல, "அண்ணே."

டாக்டர் வந்தபோது அவர் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தவர், திரும்பிப் போகும்போது அதைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

சாயங்காலம் கவுன்சிலர் வந்தார். ஒரு காலத்தில் அப்பாவின் பக்கத்தில் முதுகைக் காட்டி நின்றவர். இப்போது மலைக்குப் பால், காய்கறி எல்லாம் அவர் கை வழியாகப் போகிறது. நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நல்ல மனுஷன். நாளைக்கு எத்தனை மணிக்கு எடுக்கறீங்க? எதுக்குக் கேக்கறேன்னா, ரோட்டுல நாளைக்கும் வண்டி இருக்கு. ஓடைப் பக்கமா எடுத்துக்கிட்டுப் போயிட்டா யாருக்கும் சிரமம் இல்ல."

"ஓடையில முழங்கால் சேறு," என்றாள் அத்தை. "எங்கண்ணன் முப்பது வருஷம் பஸ் ஓட்டின ரோடு இது."

"ஓட்டினது டிரைவர், அவர் கண்டக்டர்தானே," என்று சிரிக்கப் பார்த்தார் கவுன்சிலர். "இல்ல, மேலிடத்துல சொல்றாங்க..."

"மேலிடம்னா எது? அந்த மலை மேலயா?" என்றாள் அத்தை.

வாசலில் லாரி வந்து நின்றது. தம்பி உள்ளே வந்து அப்பாவின் கால்மாட்டில் நின்றான். தலையெல்லாம் கல்தூசு.

"தம்பி, நீயாவது எடுத்துச் சொல்லு. உன் பொழைப்பும் இருக்கு," என்றார் கவுன்சிலர்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. அக்காவிடம் சொன்னான். "டாக்டர் வண்டிக்குப் பின்னாடி என் லாரிதான்க்கா நின்னுது."

தையல்காரி நிமிர்ந்தாள்.

"அவர் இறங்கிக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிட்டிருந்தார். யாருக்குன்னு எனக்குத் தெரியாது. அவரை ஓரங்கட்டச் சொல்லிட்டு எனக்குக் கயித்தை அவுத்தாங்க. எங்கிட்ட பாஸ் இருக்கில்ல." அவன் அப்பாவின் காலைப் பார்த்தான். "கல்லு ஏத்தின வண்டிக்கு."

அவளுக்குத் திட்ட வேண்டும் போல் வந்தது. யாரைத் திட்டுவது? இவனையா, கயிறு பிடித்தவனையா, தண்ணீர் குடித்தவர்களையா?

"ரோட்டுலதான் போறோம்," என்றாள் கவுன்சிலரிடம். "உங்களுக்குச் சிரமமா இருந்தா நீங்க ஓடை வழியா வாங்க."

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் வாங்கிவந்த ஸ்ட்ரெச்சரில் அப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். முன்பக்கம் அப்பாவோடு வேலை பார்த்த இரண்டு பஸ் டிரைவர்கள், பின்பக்கம் ஒரு மெக்கானிக்கும் தம்பியும். தம்பிக்குத் தோள் கொடுக்க இடம் விடுவதா என்று டிரைவர்கள் அவளைப் பார்த்தார்கள். அவள் எதுவும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

பாதி வழியில் தரை அதிர்ந்தது. முதல் ஜீப்பிலிருந்து ஒருவன் குதித்து ஓடி வந்தான்.

"ஓரம் போங்க. எல்லாரும் ஓரம்."

"பிணம் வருதுய்யா," என்றார் டிரைவர்.

"தெரியுது. ஓரம் போங்க."

நான்கு பேரும் ஸ்ட்ரெச்சரைச் சாலையோரப் புல்லில் இறக்கினார்கள். விசில் ஊத ஆள் இல்லை. ஆனாலும் எதிர்ச் சாரியில் கடைக்காரர்கள் வெளியே வந்து ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். முகம் தெரியாவிட்டாலும் தையல்காரிக்கு எல்லாரையும் தெரிந்தது. அவள் அளவெடுத்துத் தைத்த முதுகுகள். இடது தோள் தாழ்ந்தது பேக்கரிக்காரர், கூனல் விழுந்தது தபால்காரர். இந்தப் பக்கம் டிரைவர்கள் திரும்பினார்கள். அத்தை திரும்பினாள். டாக்டரும் திரும்பினார்.

அப்பா மட்டும் மல்லாந்து கிடந்தார்.

அவள் மண்டியிட்டாள். ஒரு கையை அவர் தோளுக்கு அடியில் நுழைத்தாள். இன்னொரு கை இடுப்புக்கு அடியில் நுழையவில்லை. உடம்பு விறைத்து மரமாகக் கனத்தது.

"இங்க பிடி," என்றாள். "தோள்ல இல்ல. இடுப்புல."

தம்பி குனிந்து பிடித்தான். இதுவரை அவன் செய்திராத வேலை. அப்பா ஒரே வீச்சில் வயல் பக்கம் திரும்பினார்.

"தலையணை இல்லையேக்கா."

"விட்டுடாத."

ஜீப்புகள் கடந்தன. பிறகு அந்த நீள வண்டி. தூசு எழுந்து எல்லார் மேலும் இறங்கியது. தம்பி சாலைக்கு முதுகைக் காட்டி மண்டி போட்டு, இரண்டு உள்ளங்கைகளையும் அப்பாவின் முதுகில் பதித்து முட்டுக் கொடுத்திருந்தான்.

கடைசி ஜீப்பும் போய் மறைந்தது. டிரைவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தூக்கக் குனிந்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை. அப்பா மேல் போர்த்திய வெள்ளைத் துணியில் அவன் விரல்களைச் சுற்றித் தூசு படிந்திருந்தது.