ராஜபாய் கடலுக்குப் போன நாள்

கோட்டாறு சந்தைக்குப் பின்னால் இருந்த வார்ப்புப் பட்டறையில் ராஜபாய் மண்ணில் அச்சுப் பிடிப்பவள். முதலாளி முஹம்மது ஷரீஃபின் வாப்பா தொடங்கிய பட்டறை அது. முதலில் நங்கூரம் செய்தார்கள், பிறகு தண்ணீர் பம்புக்கான உறுப்புகள். விசைப்படகுகள் பெருகியபின் வெண்கலத்தில் புரொப்பல்லர் வார்ப்பதே முழுநேர வேலையாயிற்று. போன வருஷம் ஷரீஃபுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன்கள் துபாயில். கல்யாண மண்டபம் கட்ட ஒருவர் இடத்தைக் கேட்க, அவரும் அரை மனதாகத் தலையாட்டிவிட்டார்.

செய்தி தெரிந்ததும் ராஜபாய் மற்ற தொழிலாளிகளைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். இடத்தை வாடகைக்குத் தாருங்கள், நாங்களே சேர்ந்து நடத்துகிறோம் என்றாள். ஷரீஃப் வந்தவர்களை உட்காரச் சொன்னார். பிறகு மனைவி ஷாஜிதா பேகத்தைக் கூப்பிட்டுப் பட்டறைச் சாவியை எடுத்துவரச் சொன்னார்.

முதல் வேலை கடியப்பட்டணத்து ஜெரிஷுடையது. அவன் படகு புரொப்பல்லர் ஒடிந்து முட்டம் துறைமுகத்தில் கிடந்தது. மழைக்காலம், அச்சு நன்றாகக் காயுமுன்னே அவசரப்பட்டு உலோகத்தை ஊற்றினார்கள். ஆறியபின் பிரித்துப் பார்த்தால் புரொப்பல்லரின் இலையெல்லாம் பொத்தல். ராஜபாய் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். உலை பார்க்கும் தங்கப்பன் அதைத் துண்டாக்கித் திரும்ப உலையில் போட்டார்.

"இப்ப ஏசுயதுக்கு மொதலாளி கூட இல்லலா. மறுபடி அச்சப் பிடி மக்கா."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். இந்த முறை கரிநெருப்பு மூட்டி அச்சைப் பொறுமையாக உலர்த்தினார்கள். வார்ப்பு குறையில்லாமல் வந்தது.

படகில் பொருத்தி முடித்ததும் ஜெரிஷ் அவளைப் பார்த்துக் கைநீட்டினான். "நீங்களும் ஏறுங்கக்கா. புரொப்பல்லர் சரியில்லாம படகு ஒதறிச்சுன்னா, கரைக்கு வந்தா ஒங்களத் தேட முடியும்?"

இத்தனை வருஷம் புரொப்பல்லர் செய்தவள் ஒருநாளும் கடலில் போனதில்லை. அவள் தயங்கி நிற்கும்போதே, புது வார்ப்பு ஓடுவதைப் பார்க்க ஷரீஃப் ஆட்டோவில் வந்து இறங்கினார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கிப் படகில் வைத்தார்கள். இனி அவள் எப்படி ஏறாமலிருப்பாள்?

துறைமுகத்தைத் தாண்டியதும் ஜெரிஷ் வேகத்தைக் கூட்டினான். ராஜபாய் பலகையில் உள்ளங்கையை அழுத்திப் பார்த்தாள். உதறல் இல்லை. படகு வழுக்கிக்கொண்டு போயிற்று. அடுத்த அலையில் அவளுக்குக் குமட்டி, காலையில் தின்ற புட்டு வெளியே வந்தது. முந்தானையால் வாயைத் துடைத்தவள் தன்னை நினைத்தே சிரிக்கத் தொடங்கினாள். ஷரீஃபும் கண்ணில் நீர்வரச் சிரித்தார்.

கரைக்குத் திருப்பட்டுமா என்று ஜெரிஷ் கேட்டான்.

"என்னத்துக்கு? இன்னும் கொஞ்சம் வெளிய போ" என்றாள் ராஜபாய்.