கீழே தொங்கிய பழம்

என் அண்ணன் சோம்பேறி என்றால் அவனைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கப் போன இடத்தில் பம்பரமாகச் சுழல்வான். வீட்டு வாசலைத் தாண்டியதும்தான் அவனுக்குக் கரண்ட் போய்விடும். அப்பேர்ப்பட்டவன் கொல்லையில் தக்காளி போடப்போகிறேன் என்றதும் நானும் அண்ணியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"காசும் வேணாம், குனிஞ்சு நிமிரவும் வேணாம். பாத்துக்கிட்டே இருங்க," என்றான்.

சொன்னபடிதான் செய்தான். குப்பைக்குப் போகவிருந்த அழுகல் தக்காளிகளைக் கையாலேயே நசுக்கி மண்ணில் அழுத்தினான். முளைத்த கன்றுகளில் தெம்பானவற்றை மட்டும் விட்டுவிட்டு, ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டிகளைக் கிழித்துச் சுற்றிலும் பரப்பினான். மேலே காய்ந்த இலை. களை வராதாம், ஈரமும் காயாதாம். காய்கறி அலசிய தண்ணீரை நான் ஜன்னல் வழியாக வீசுவதுதான் பாசனம். கொம்பு ஊன்றிக் கட்டக்கூட அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. செடிகள் தரையில் படுத்துக்கொண்டே வெட்கமில்லாமல் காய்த்தன.

"நல்லா பழுக்கட்டும். அதுவரைக்கும் யாரும் கைய வைக்கக் கூடாது," என்று அண்ணி உத்தரவு போட்டாள். அண்ணி பஸ் கண்டக்டர். விசிலே தேவையில்லை, அவள் குரலுக்கே வண்டி நிற்கும். வெளிக்கதவு கிறீச்சிட்டால் போதும், அண்ணன் டி.வி.யை அணைப்பான், அவர்களுடைய ஆறு வயது மகள் வாலு புத்தகத்தைத் திறப்பாள், நான் துடைப்பத்தை எடுப்பேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

அட்டைக்கு அடியில் கதகதப்பாக இருந்ததோ என்னவோ, எலிகள் குடிவந்தன. சிவந்த பழமாகப் பார்த்துப் பார்த்துக் கடித்துவைத்தன.

அன்று சாயங்காலம் வாலுவின் சட்டையில் சிவப்பாக ஒரு கறை இருந்தது. "தக்காளியாடி?" என்று கேட்டேன். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஆமென்று தலையை ஆட்டினாள். காய்கறி என்றாலே காத தூரம் ஓடுகிற பிள்ளை. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். அண்ணன் வந்து செருப்பைக் கழற்றும்போது, "உன் தோட்டத்துல முதல் அறுவடை முடிஞ்சாச்சு. வாலு பறிச்சுத் தின்னுட்டா," என்றேன்.

ஒரு காலில் செருப்போடு அவன் கொல்லைக்கு ஓடினான். சுவரில் சாய்ந்து நின்ற ஒரே செடியின் இலைகளை விலக்கினான். கீழ்க்கிளையில் வெறும் காம்பு மட்டும் இருந்தது.

"இதுல ஒண்ணு வெடிச்சுத் தொங்கிச்சு. காலையில அதுக்குள்ள எலி மருந்தத் தடவி வச்சேன்," என்றான். அவன் உதடு வெளுத்திருந்தது. "பொறி வாங்கப் போக சோம்பலா இருந்துச்சு. எலியே தின்னிருக்கும், இல்ல?"

"எலி எதைத் தின்னிருக்கும்?" என்று பின்னால் குரல் கேட்டது. அண்ணி டூட்டி முடிந்து, தோள்பையோடு நின்றிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னதும் அவள் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. வாலுவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "சாப்பிட்டியா? சொல்லுடி, சாப்பிட்டியா?"

"இல்ல."

"அத்தைகிட்ட ஆமான்னு சொன்னியாமே?"

"சும்மா சொன்னேன்."

இதில் எது பொய்? தின்றது எலியா, பிள்ளையா? பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். வழியெல்லாம் வாலு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படி நன்றாக இருந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

டாக்டரம்மா மருந்தின் பேரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார். "இது ரெண்டு நாள் ஒண்ணுமே காட்டாது. அப்புறம் ஈரல்ல கைய வைக்கும். சாப்பிட்டாளா, எவ்வளவுன்னு எனக்கு இப்பவே தெரியணும்."

அவர் கேட்ட ஒவ்வொரு தடவையும் வாலு அண்ணியின் முகத்தை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு "இல்ல" என்றாள். டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"நீங்க கொஞ்சம் வெளியில இருங்க."

"நான் அவளோட அம்மா."

"அதனாலதான்."

கதவு சாத்தியதும் வாலு என் காதைப் பிடித்து இழுத்தாள். "பாதி தின்னேன் அத்தை. நாத்தமா இருந்துச்சு. மீதிய சுவத்துக்கு அந்தப் பக்கம் போட்டுட்டேன். அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

டாக்டரம்மாவிடம் அதை அப்படியே சொன்னேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். உள்ளே அவள் அலறுவது வராந்தா வரை கேட்டது. அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"மருந்து வச்சா ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?" அண்ணிக்குக் குரலே எழும்பவில்லை.

அவன் தரையைப் பார்த்தான். "பிள்ளை இருக்கிற வீட்டுல விஷத்தை எதுக்கு கொண்டுவந்தேன்னு நீ கத்துவியேன்னுதான்."

அண்ணி என் பக்கம் திரும்பினாள். "அவளும் அதுக்குத்தான் சொல்லலையா?" நான் இல்லையென்று சொல்லியிருக்கலாம். பிள்ளை உள்ளே சாவோடு மல்லுக்கு நிற்கிறது, அதற்கு அந்தச் சாவு தெரியவில்லை, அம்மா மட்டும்தான் தெரிகிறாள். இத்தனை நாள் சிரித்த சிரிப்பையெல்லாம் நினைத்து எனக்கு உடம்பு கூசியது.

அடுத்து வந்த நாட்களில் யாரும் வயிறாரச் சாப்பிடவில்லை. விடிந்ததும் வாலுவை வார்டு ஜன்னலோரம் நிறுத்தி, இமையை விரித்து, கண்ணில் மஞ்சள் தட்டுகிறதா என்று பார்ப்போம். வெயில் மஞ்சளாக விழுந்தால் அதற்கும் நெஞ்சு திக்கென்னும். ரத்தம் எடுக்க வருகிறவரின் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டாலே அண்ணி எழுந்து நின்றுவிடுவாள். ஆனால் பிள்ளையைத் தொடவில்லை, தொட்டால் எதுவோ உடைந்துவிடும் என்பதுபோல.

கடைசியில் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு முதல்முறையாகச் சிரித்தார். "ஈரல் நல்லாருக்கு. கண்டம் தாண்டியாச்சு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க." அண்ணன் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். எனக்கு மூச்சு அப்போதுதான் முழுசாக வந்தது.

அண்ணி அவசர அவசரமாகத் துணிகளைத் திணித்துத் தோள்பையைத் தூக்கினாள். பை இடித்து, ஸ்டூலில் இருந்த பால் டம்ளர் கவிழ்ந்தது. பால் கட்டில் விரிப்பில் ஓடியது.

வாலு சுவரோடு ஒண்டிக்கொண்டு முழங்கையால் முகத்தை மறைத்தாள். "நான் தட்டலம்மா, சத்தியமா நான் இல்ல."

அண்ணி பையை அப்படியே தரையில் வைத்தாள். "தெரியும்மா. நான்தான் தட்டினேன்." அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதேயில்லை.

வாலு முழங்கையை லேசாக இறக்கினாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அது நிஜம்தானா என்று என் முகத்தைப் பார்த்தாள்.