வலிக்காத விரல்

காஜா அக்காவைத் தெரியாதவர் அந்தத் தெருவில் கிடையாது. பொத்தான் துளை போட ஊரெங்கும் மெஷின் வந்துவிட்ட பிறகும், "அது துளையா? எலி கடிச்ச மாதிரி இருக்கு" என்று சொல்லிக் கையாலேயே காஜா எடுப்பவள். துணிதான் கிழியுமே தவிர, அவள் எடுத்த காஜா கிழியாது. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகம்தான். இருக்கட்டுமே, வேலை தெரிந்தவளுக்கு இல்லாத பெருமை வேறு யாருக்கு?

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும். தடித்த கோட்டுத் துணியை வெட்டும்போது பெரிய கத்தரி வழுக்கி, இடது ஆள்காட்டி விரலின் அடியில் ஆழமாக இறங்கிவிட்டது. உள்ளே உணர்ச்சி நரம்பு அறுந்து, நடுவில் ஒரு துண்டு சிதைந்தே போயிருந்தது. கையால் தைப்பவர்களுக்குத் துணிக்கு அடியில் இருக்கும் கண் அந்த விரல்தான். ஊசி எங்கே முனை நீட்டுகிறது என்பதை அது தொட்டுச் சொல்லும். அது மரத்துவிட்டால் காஜாவும் போச்சு, காஜா அக்காவும் போச்சு.

கை அறுவை செய்யும் டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். "அறுந்த ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு எட்டாதும்மா. நடுவுல ஒரு சின்னக் குழாய் வெச்சுத் தைச்சுடறேன். அதுக்குள்ள நரம்பு தானா வளர்ந்து அந்தப் பக்கம் போய்ச் சேரணும்."

"நாடா கோக்கற மாதிரியா?"

"அதேதான். ஆனா இங்க நாடாவே நடந்து போகணும். மெதுவாத்தான் போகும்."

"அப்புறம் குழாயை எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கவே வேணாம். கைட்டோசான்னு ஒரு பொருள். இறால் ஓட்டுலேர்ந்து எடுக்கறாங்க. வேலை முடிஞ்சா உடம்பே அதைக் கரைச்சுடும். உணர்ச்சி முழுசா வருமான்னு மட்டும் இப்ப சொல்ல முடியாது."

பக்கத்தில் நின்ற கணவர் பஸ் ஓட்டுபவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர். "இனிமே மீன் கடையில இறாலைப் பாத்தா கும்பிட்டுட்டுத்தான் போகணும். சம்பந்தி வீட்டு ஆளுங்களாச்சே" என்றார். அழுதுகொண்டிருந்த காஜா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

காயம் ஆறியது. விரல் மட்டும் வேறு யாருடையதோ போல ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசியைத் தொடக் கூடாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கேட்டால்தானே! ஒரு நாள் தையல் கடையில், மெஷினில் தைக்கும் நாத்தனாரோடு பேசிக்கொண்டே ஒரு சட்டையின் ஓரம் மடித்துத் தைத்தாள். முடித்து எழுந்தபோது சட்டையும் கூடவே எழுந்தது.

"அண்ணி, சட்டை ஏன் உங்க பின்னாடியே வருது?" என்று சிரித்த நாத்தனாருக்கு, கிட்டே வந்து பார்த்ததும் முகம் வெளுத்தது. விரல் தோலையும் சேர்த்துத் தைத்திருந்தாள். நாத்தனார் நூலை வெட்டி எடுத்தாள்.

காஜா அக்கா இரத்தத்தைப் பார்த்து அழவில்லை. "குத்தினது எனக்குத் தெரியவே இல்லடி" என்றுதான் அழுதாள். ஊசி டப்பாவைப் பரணில் போட்டாள்.

அடுத்த முறை போனபோது டாக்டரம்மா நன்றாகத் திட்டிவிட்டு, விரலை அடியிலிருந்து மெல்லத் தட்டிக்கொண்டே வந்தார். பாதி விரலில் காஜா அக்கா துள்ளினாள். "எறும்பு ஊருது டாக்டரம்மா!"

"அது எறும்பு இல்லம்மா, உங்க நரம்பு. குழாயைத் தாண்டி இங்க வரைக்கும் வந்துடுச்சு."

அப்போதுதான் காஜா அக்காவின் கண்ணில் அது பட்டது. டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் காஜாக்கள் எல்லாம் நார் நாராகத் தொங்கின. எலி கடித்தவைதான்.

மழை முடிந்து வெயில் வந்தது. எறும்பும் விரல் நுனியை நெருங்கியது. டாக்டரம்மா சரி என்றதும் பரணிலிருந்து டப்பா இறங்கியது. ஒரு வெள்ளைக் கோட்டு தைத்தாள். காஜா ஒவ்வொன்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்து எடுத்தாள். கடைசிக் காஜாவில்தான் கண் கொஞ்சம் அசந்தது.

"ஆ!"

நாத்தனார் மெஷினை விட்டு ஓடி வந்தாள். சாப்பிட வந்த கணவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார்.

"வலிக்குதுடி! ஊசி குத்திடுச்சு, வலிக்குது!"

"நல்லா வலிக்குதா?"

"நல்லா வலிக்குதுங்க!"

"சம்பந்திங்க கைவிடல" என்றவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊசி குத்தியதற்கு ஒரு குடும்பமே உட்கார்ந்து ஆனந்தக் கண்ணீர் விட்டது அந்தக் கடையில் மட்டும்தான் இருக்கும்.

காஜா அக்கா கொண்டுபோய்க் கொடுத்த கோட்டை விரித்துப் பார்த்த டாக்டரம்மா, கடைசிக் காஜாவின் உள்பக்கத்தில் ஒரு பழுப்புப் புள்ளியைக் கண்டார். "இது என்னம்மா, கறையா?"

"கறை எடுக்க எனக்குத் தெரியாதா டாக்டரம்மா? வேணும்னேதான் விட்டேன். அங்கதான் வலிச்சுது."

டாக்டரம்மா பழைய கோட்டைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டுக்கொண்டார். அந்தக் கடைசிப் பொத்தானைத்தான் முதலில் மாட்டினார்.