மார்மேல் உட்கார்ந்த அண்ணன்

எமர்ஜென்சி முடிந்த வருஷம். ஜவ்வாது மலையில் சடையன் படுத்தால் போதும், செத்துப்போன அண்ணன் கோவிந்தன் வந்து மார்மேல் உட்கார்ந்துகொள்வான். பட்டப்பகலிலும்தான்.

"எழுந்து குந்தினா போய்டுறாரு. சாஞ்சா வந்துடுறாரு," என்றான் பெண்டாட்டி பாஞ்சாலையிடம்.

சடையன் மாரடைப்பில் பிழைத்தவன். கோவிந்தன் அதே நோவில், சாமை அடிக்கும் களத்திலேயே சாய்ந்தவன்.

"ஆசைப்பட்டத படைக்கல. அதான் குந்துறாரு," என்றாள் பக்கத்து வீட்டு மாதம்மாள்.

செத்தவனுக்குப் பிடித்ததைப் படைத்தால், கூடப்பிறந்தவன் மிச்சமில்லாமல் உண்ண வேண்டும். அது அவர்கள் வழக்கம். கோவிந்தனுக்குப் பிடித்தது கருவாடு, ஊறுகாய், பீடி. செவ்வாய்தோறும் சடையன் எல்லாவற்றையும் தின்றான். பீடியையும் இழுத்தான்.

புதன்கிழமை கால் வீங்கும். அண்ணன் இன்னும் கனமாக உட்காருவான்.

"படையல் தின்னா எறங்கிப் போவணும். இவரு இன்னா, கொழுத்துக்கினே வர்றாரு!" பாஞ்சாலை அவனைப் போளூர் பஸ்ஸில் ஏற்றினாள்.

டாக்டரம்மா ஜெபகுமாரி அவன் கணுக்காலை விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது.

"கருவாடு தின்னியா?"

"எங்கண்ணன் தின்னாருங்க."

"யார் வாயால?"

பாஞ்சாலைதான் அண்ணன் செத்ததையும் படையலையும் சொன்னாள்.

"மாரடைப்புல உன் இதயம் தளர்ந்துபோச்சு. உப்பு, தண்ணிய உடம்புல தேக்குது. படுத்தா நுரையீரல்ல ஏறுது. மார்மேல குந்துறது அந்தத் தண்ணிதான். பீடி வேற! அண்ணனும் இதே நோவுல போயிருக்காரு. இன்னொரு தடவ மாரடைப்பு வந்தா மலையெறங்க நேரமிருக்காது."

டாக்டரம்மா கொடுத்த மாத்திரையில் கால் வீக்கம் வற்றியது. பாஞ்சாலை உப்பில்லாக் களி மட்டும் படைத்தாள். சடையன் மல்லாந்து படுத்தான். யாரும் வரவில்லை.

"நல்லா தூங்குறியா?"

"தூங்குறேன்." சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "அண்ணன்தான் வர்றதில்ல."

"வராட்டி நல்லதுதானே?"

"கனமா இருந்தாலும் அண்ணன்டி."

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

புளி விற்கக் கீழே போனவள் மறுவாரம்தான் திரும்பினாள். வாசலிலேயே சுட்ட கருவாட்டு வாசம். உள்ளே சடையன் மல்லாந்து கிடந்தான். நெஞ்சுக்குள் கொதிக்கும் பானைபோல ஒரு சத்தம். பாயைத் தூக்கினாள்: தின்னாத மாத்திரைகள், பீடித்துண்டுகள், மீன்முள். கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள். குழி எழவில்லை.

"அய்யோ, எழுந்து குந்துய்யா!"

அவன் சிரித்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"வந்துட்டாரு, பாஞ்சால. கொஞ்சம் தள்ளிக் குந்தச் சொல்லு."