அரை டன்

அந்தப் போர்க்கப்பலில் இரண்டு வருஷம் இருந்தும் ஒரு விமானம் இறங்கி அவன் கண்ணால் பார்த்ததில்லை. அவனுடைய இடம் ஓடுதளத்துக்குக் கீழே, எண்ணெய் வாடையடிக்கும் இரும்பு அறை. இறங்குகிற விமானத்தின் கொக்கி மேலே குறுக்கே கிடக்கும் கம்பியில் மாட்டும். அந்தக் கம்பியை இழுத்துப் பிடிப்பது அவனுடைய இயந்திரம். விமானம் என்ன எடையோ அந்த எண்ணுக்கு முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் விமானம் நிற்காமல் கடலுக்குள் போகும். கூட்டி வைத்தால் கொக்கி பிய்ந்துவிடும்.

போர் அவனிடம் எண்ணாகத்தான் வந்து சேர்ந்தது. பதிமூன்று டன் என்றால் விமானி குண்டைப் போட்டுவிட்டு வருகிறான். பதிமூன்றரை என்றால் போடாமல் வருகிறான்.

தங்கை புருஷனும் அதே கப்பலில் விமானி; அந்த வாரம் இரண்டு தடவை பதிமூன்றரையில் வந்துவிட்டான்.

"பாலத்துல ஆளுங்க மச்சான்," என்றான் சாப்பாட்டு அறையில், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மூட்டை முடிச்சோட நடந்து போறாங்க. பட்டாள வண்டி ஒண்ணுகூட இல்ல."

"மேல சொன்னியா?"

"சொன்னேன். பாலத்தைப் பாரு, ஆளைப் பாக்காதேங்கிறாங்க. மூணாவது தடவையும் திருப்பிக் கொண்டாந்தா பறக்க விடமாட்டாங்களாம். விசாரணை, அப்புறம் ஜெயில்."

"கடல் எவ்ளோ பெருசு மாப்ள! வர்ற வழியில குண்டைக் கழட்டி விட்டுட்டு, குறி தப்பிடுச்சுன்னு சொல்லு. குறி தப்பினவனையெல்லாம் தூக்குல போட்டா இந்தக் கப்பலை ஓட்ட ஆள் மிஞ்சாது."

மாப்பிள்ளை சிரித்தான். சரி என்று சொல்லவில்லை.

மறுநாள் காலை இவன் முள்ளை முன்கூட்டியே பதிமூன்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மேலிருந்து வரும் எண்ணை ஹெட்போனில் கேட்டுச் சொல்கிறவனுக்குக் காது என்றே பெயர்.

"உங்க மாப்ளதான் வர்றாரு," என்றான் காது. "பதிமூணரை."

"சரியாக் கேளுடா."

"அண்ணே, என் பேரே காது. மேல ரெண்டு தடவை சொல்லிட்டாங்க."

இவன் முள்ளை நகர்த்தினான். "பதிமூணரை வச்சாச்சு." அப்படித் திருப்பிச் சொன்னால்தான் மேலே பச்சை விளக்கு எரியும். தலைக்கு மேல் இடி விழுந்தாற்போல் ஒரு சத்தம். கம்பி சீறி ஓடி நின்றது.

மத்தியானம் மாப்பிள்ளை போக்கிடமில்லாமல் கீழே இறங்கி வந்தான். சட்டையில் விமானிச் சின்னம் இல்லை, தையல் நூல் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது.

"கடல் வத்திப்போச்சா?" என்றான் இவன். "வீட்டுல தங்கச்சிக்கு நான் என்னன்னு எழுத?"

"பொத்தான் மேல கை வச்சேன் மச்சான். கடல்ல போட்டிருந்தா குறி தப்பிடுச்சுன்னு ஆயிருக்கும். எனக்குக் குறி தப்பல. நான் போடல. ரெண்டும் ஒண்ணா?"

"பிழைக்கத் தெரியாதவன்."

மாப்பிள்ளை ஒரு கருவிப்பெட்டிமேல் உட்கார்ந்தான். "நான் கொண்டாந்த குண்டை இன்னொருத்தன் வண்டியில மாட்டி அனுப்பிட்டாங்க. சாக்பீஸ்ல போட்ட நம்பர்கூட அழியல. அதே பாலத்துக்கு."

இவன் எண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான். "கடல்ல போட்டிருந்தா அந்த ஒண்ணாவது ஒழிஞ்சிருக்கும்."

"கிடங்குல இன்னும் முந்நூறு கிடக்கு மச்சான்."

காது ஹெட்போனை அழுத்திப் பிடித்தான். மாப்பிள்ளையைப் பார்க்காமல் சொன்னான்: "பதிமூணு."

இவன் முள்ளைத் திருப்பினான். திருப்பிச் சொல்ல வாய் வரவில்லை.

"அண்ணே, கிட்ட வந்துட்டான்."

"சொல்லு மச்சான்," என்றான் மாப்பிள்ளை. "அவன் இறங்கணும்ல."

"பதிமூணு வச்சாச்சு."