டங்கனின் சிறப்புரை

ஸ்கொட்லாந்து அரசியல்வாதி டங்கன் எங்கள் ஊர்ச்சங்கங்களின் கூட்டு விழாவில் பேச ரொறன்ரோ வந்திருந்தார். அவரை யார் அறிமுகப்படுத்துவது என்று மூன்று ஊர்ச்சங்கத் தலைவர்களும் பிடுங்குப்பட்டார்கள். விழாப் பொறுப்பாளரான எனக்குச் சீ என்று போய்விட்டது. அந்த மனுசனின் அரசியல் வாழ்க்கையையே மூன்றாகப் பிரித்துக் கொடுத்தேன். நகரசபைக் காலம் குகநேசன் அண்ணைக்கு, ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் பஞ்சலிங்கத்துக்கு, லண்டன் நாடாளுமன்றம் ரோகிணி அன்ரிக்கு.

குகநேசன் அண்ணை டங்கன் பிறந்த கிராமத்தில் தொடங்கி, அப்படியே தன்னுடைய ஊர் வாசிகசாலைக்குப் போய்விட்டார்.

"அண்ணை, காணும். இறங்குங்கோ," என்றேன்.

"பொறும் தம்பி, ஆள் இன்னும் முதல் தேர்தலே வெல்லேல்லை," என்றார், மைக்கிலேயே.

பஞ்சலிங்கம் பதவிக்கொரு பொன்னாடை போர்த்தினார். ரோகிணி அன்ரி லண்டனில் இருக்கும் தன் தங்கையின் வீட்டைப் பற்றிப் பேசினார். பொன்னாடைகளுக்குள் டங்கன் வியர்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் எழுந்து மைக்கைப் பிடிக்க, மண்டபக்காரர் விளக்கை அணைத்தார். எங்கள் நேரம் முடிந்துவிட்டதாம்.

நன்றியுரையை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. செயலாளர் நிலக்சி, வீட்டிலிருந்து எழுதிவந்ததைக் கைபேசி வெளிச்சத்தில் வாசித்தார்: "எங்களைச் சிந்திக்க வைத்த அருமையான உரைக்காக, டங்கன் அவர்களுக்கு நன்றி."

சனம் கைதட்டியது. பாவம், டங்கனும் தட்டினார்.