காலி நாற்காலியின் இரண்டாம் பக்கம்

இறந்துபோன அக்காவின் நினைவாக நடந்த கூட்டத்துக்குத் தங்கை ஒரே ஒரு இசைத்தட்டைத்தான் எடுத்துக்கொண்டு போனாள். மீதி அறுபத்திரண்டும் வீட்டில் அலமாரியில் இருந்தன. எல்லாம் எழுபதுகளில் வந்தவை. அந்தப் பத்து வருடத்துக்கு வெளியே அக்கா ஒரு தட்டுகூட வாங்கியதில்லை. ஏன் என்று கேட்டால், ஒரு வார்டை ஒழுங்காகப் பார்த்து முடிக்கவே ஒரு ஆயுள் போதவில்லை என்பாள்.

அக்கா முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். மூச்சை அடக்குங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க என்று நாளெல்லாம் சொல்லிவிட்டு வந்து, சாயங்காலம் ஒரு தட்டைச் சுழலவிட்டுத் தானும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பாள். கேட்டு முடித்ததும் அட்டைக்குள் இருக்கும் வெள்ளைக் காகித உறையை உருவி, நீல மையில் தன் அபிப்பிராயத்தை எழுதுவாள். எழுதும் முறை ஆஸ்பத்திரி முறைதான். அட்டையில் நான்கு பேர் முதுகைக் காட்டி நிற்கும் எழுபத்தொன்றாம் வருடத்துத் தட்டின் உறையில், “முதல் பக்கம்: எலும்பு நேராக இருக்கிறது. இரண்டாம் பக்கம்: கிடார்க்காரருக்குக் கொழுப்பு அதிகம். குறைக்கச் சொல்லவும்” என்று இருக்கும்.

இசைத்தட்டு சேர்ப்பவர்களுக்கு இது கொலைக் குற்றம். உறையில் ஒரு கீறல் விழுந்தாலே அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. பூட்டுக் கடைக்கு மேல்மாடியில் பழைய தட்டு விற்கும் கடைக்காரர், ஞாயிறுதோறும் தன் கடையிலேயே கேட்போர் வட்டம் ஒன்றை நடத்திவந்தார். அக்காவுக்கு ஞாயிறென்றால் டியூட்டி. ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. வட்டம் மாதாமாதம் அச்சடித்து அனுப்பும் ஒற்றைத் தாளைப் படித்துவிட்டு, மறுப்பை அஞ்சலட்டையில் எழுதி அனுப்புவாள். ஓய்வு பெற்ற பிறகும் போகவில்லை. ஆளை நேரில் பார்த்தால் அடிக்கக் கை வராது என்று காரணம் சொன்னாள். எக்ஸ்ரே அம்மா என்றுதான் அங்கே அவளுக்குப் பெயர். அஞ்சலட்டைகளைக் கடைக்கே கொண்டுபோய்க் கொடுத்தது தங்கை. அதனால் அறுபத்தாறு வயதிலும் அவள் அவர்களுக்குத் தங்கச்சியாகவே இருந்தாள்.

கடைக்காரர் நல்ல மனிதர். கூட்டம் தொடங்கியதும், மேற்குச் சுவரில் புதிதாக அடித்த ஒரு அலமாரியைக் காட்டினார். எல்லாத் தட்டுகளையும் அதில் வைத்து, அக்காவின் பெயரை மேலே எழுதி, வருகிறவர்கள் எல்லாரும் எடுத்துக் கேட்கும்படி செய்வதாகச் சொன்னார். தங்கை அந்த அலமாரியைத் தொட்டுப் பார்த்தாள். அக்காவின் நீல எழுத்தை இனி யாராவது படிப்பார்கள். அதற்கு மேல் அவளுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அப்போதுதான் வட்டத்தின் தலைவரான பல்டாக்டர் ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். உள்ளே இருக்கும் காகித உறைகளை மட்டும் எடுத்துவிட்டுப் புது பிளாஸ்டிக் உறை போட்டுவிடலாம், மை தட்டில் ஒட்டும், பார்க்கவும் நன்றாக இருக்காது, அதோடு தனிப்பட்ட அபிப்பிராயங்கள் புதிதாகக் கேட்க வருகிறவர்களைக் கெடுத்துவிடும் என்றார்.

“அபிப்பிராயம்னா தனிப்பட்டதாத்தானே டாக்டர் இருக்கும்?” என்றாள் தங்கை.

அவர் சிரித்தார். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கருவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடிக்கும் சிரிப்பு. அதைப் பிறகு பேசலாம், முதலில் கொண்டுவந்ததைக் கேட்போம் என்று கையை நீட்டினார்.

அவள் கொண்டுவந்தது காலி நாற்காலி. அந்தத் தட்டின் உண்மையான பெயரை யாரும் சொல்வதில்லை. அட்டையில் ஒரு வெறும் நாற்காலி மட்டும் இருப்பதால் அந்தப் பெயர். எழுபத்துமூன்றில் வந்தது. வட்டத்துக்கு அது கோயில். அக்காவுக்கும் வட்டத்துக்கும் நடந்த சண்டையில் பாதி இந்த ஒரு தட்டைப் பற்றியது. பல்டாக்டர் உறையை உருவி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, அக்கா எழுதியதை எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார்.

“முதல் பக்கம்: நோயாளி நடக்கிறார். ஆனால் இருட்டில் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி நடக்கிறார். இரண்டாம் பக்கம்: முழுக்க ஆர்கன். உள்ளே ஒன்றும் இல்லை. படத்தில் உள்ளபடியே.”

இரண்டு பேர் சிரித்தார்கள். ஓரத்து நாற்காலியில் இருந்த தையல்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எப்போதும் பேசாமல் இருப்பவர். கடைக்காரர் தட்டைத் துடைத்து, ஊசியை இறக்கினார்.

முதல் பாட்டு தொடங்கிய கணமே ஏதோ சரியில்லை என்று தங்கைக்குப் பட்டது. வீட்டில் இதைப் பாடுகிறவர் ஐம்பது வயது தாண்டிய, நெஞ்சில் சளி கட்டிய மனிதர். இங்கே பாடுகிறவன் மீசை அரும்பிய பையன். துள்ளிக்கொண்டு போனான். அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தவள். வேலையை வீட்டுக்கும் கொண்டுவருவாள். காலி நாற்காலியின் முதல் பக்கம் முடியவும் நான்கு தாள் திருத்தி முடிக்கவும் சரியாக இருக்கும். கை அப்படிப் பழகியிருந்தது. இங்கே அவள் மனத்துக்குள் நான்காம் தாளின் நடுவில் இருந்தபோதே ஊசி எழும்பிவிட்டது.

“இது வேகமா ஓடுதே,” என்றாள். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

பல்டாக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். வீட்டில் தட்டைச் சுழற்றும் பெட்டி என்ன பெட்டி, எப்போது வாங்கியது, உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட்டை எத்தனை தடவை மாற்றினீர்கள் என்று வரிசையாகக் கேட்டார். மாற்ற வேண்டும் என்பதே அவளுக்குத் தெரியாது. பெட்டி வாங்கி நாற்பது வருடம் ஆகிறது.

“அப்ப விஷயம் முடிஞ்சுது,” என்றார் அவர். “பெல்ட் தொளதொளன்னு ஆயிருக்கும்மா. பெட்டி மெதுவா சுத்தியிருக்கு. உங்க அக்கா இந்த ஆல்பத்தை ஒழுங்கா கேட்டதே இல்ல. இத்தனை வருஷம் எங்களோட சண்டை போட்டது ஒரு ரப்பர் பெல்ட்டு.”

இந்தத் தடவை எல்லாரும் சிரித்தார்கள். கடைக்காரர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். பல்டாக்டர் கணக்குப்படி ஒரு தட்டு மட்டுமல்ல, அறுபத்துமூன்றின் தீர்ப்பும் தள்ளுபடி. இனி அந்த உறைகளை வைத்திருப்பது அக்காவுக்கே அவமானம், அவருடைய பெயரைக் காப்பாற்றத்தான் எடுக்கச் சொல்கிறேன் என்று கனிவாக வேறு சொன்னார்.

தங்கைக்குக் காது சுட்டது. பொய் என்று சொல்ல முடியாது. அவள் காதாலேயே கேட்டுவிட்டாள். அதைவிட மோசம், அந்தத் துள்ளல் அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அக்கா உயிரோடு இருந்து இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். தெரியவில்லை. இனித் தெரியவும் போவதில்லை. அந்த இடத்தில் அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

“இரண்டாம் பக்கத்தையும் போடுங்க,” என்றாள்.

போட்டார்கள். ஆர்கன் வாசிப்பு தொடங்கியது. சரியான வேகத்தில், நல்ல பெட்டியில், விலை உயர்ந்த ஸ்பீக்கரில், பதினெட்டு நிமிடம் அது வளைந்து வளைந்து போய் எங்கும் சேராமல் நின்றது. பாதியில் கடைக்காரர் கொட்டாவியை விழுங்கியதை அவள் பார்த்தாள். பல்டாக்டர் கண்களை மூடியிருந்தார். பக்தியோ தூக்கமோ, அவருக்கே வெளிச்சம்.

ஊசி எழும்பியதும் அவள் அவரைக் கேட்டாள். “டாக்டர், இதை நீங்க முதல்ல கேட்டப்ப என்ன வயசு?”

“பத்தொன்பது.”

“பத்தொன்பது வயசுல மனசுக்குள்ள ஓடுற பெல்ட்டு எந்த வேகத்துல ஓடும்னு யாரு பாத்து வச்சா? இன்னிக்கும் அதே பெல்ட்டுலதானே கேக்கறீங்க? எங்க அக்கா தன் காதுல என்ன விழுந்துதோ அதை எழுதினா. பயப்படாம எழுதினா. உங்க தாளை இருபது வருஷமா நான் படிக்கிறேன். ஒரு வரியாவது நீங்களா கேட்டு எழுதினதா எனக்குத் தெரியல.”

கீழே பூட்டுக் கடையில் சாவி அறுக்கும் சத்தம் கேட்டது.

அவள் கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அச்சகத்தை விட்டு எட்டு வருடம் ஆகியும் அதை அவள் விட்டதில்லை. உறையை மேசையில் விரித்து வைத்தாள். மெய்ப்பு பார்ப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரோ கோடு போட்டு அடித்துவிட்ட சொல் அப்படியே நிற்க வேண்டுமென்றால், அதற்கு அடியில் புள்ளி புள்ளியாக வைத்து, ஓரத்தில் ‘இருக்கட்டும்’ என்று எழுதுவார்கள். அதைக் கண்ட பிறகு அச்சுக் கோப்பவர் அந்தச் சொல்லில் கை வைக்க மாட்டார்.

“ஐயோ, இன்னும் கெடுக்கறீங்களே,” என்றார் பல்டாக்டர்.

அவள் அவசரப்படவில்லை. அக்காவின் ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் சிவப்புப் புள்ளிகளை வைத்துக்கொண்டே வந்தாள். செருப்பு என்ற சொல்லில் ஒரு புள்ளி பெரிதாக விழுந்தது. பிறகு கீழே எழுதினாள்: “எங்கள் பெட்டி மெதுவாகச் சுழன்றது. இன்று சரியான வேகத்தில் கேட்டேன். முதல் பக்கம் எனக்குப் பிடித்தது. இரண்டாம் பக்கத்தில் அக்கா சொன்னதே சரி. மேலே உள்ளது இருக்கட்டும்.” தேதியும் போட்டாள்.

மை காயும்வரை ஊதிவிட்டு, தட்டை உறையிலும் உறையை அட்டையிலும் வைத்தாள். கடைக்காரர் புது அலமாரியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இந்த ஒன்றை மட்டும் அப்படியே விட்டுவிடலாம் என்று தயங்கிச் சொன்னார். அறுபத்துமூன்றும் அப்படியே வந்தால் வரும், இல்லையென்றால் ஒன்றும் வராது என்றாள் அவள். அலமாரி கைவிட்டுப் போவதில் தனக்கு வருத்தமில்லை என்றும் சொன்னாள். அது பொய்.

படியில் பாதி இறங்கியிருப்பாள். பின்னால் தையல்காரர் வந்தார். சட்டைப் பையில் குத்தியிருந்த ஊசியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, எழுபத்தாறில் வந்த ஈரக் குடைத் தட்டு வீட்டில் இருக்கிறதா என்று கேட்டார். அட்டையில் சொட்டச் சொட்ட ஒரு குடை இருக்கும். பாடியவளின் கடைசித் தட்டு. வட்டத்தின் தாளில் அதைக் குப்பை என்று மூன்று தடவை அச்சடித்திருந்தார்கள்.

“அதைப் பத்தி எக்ஸ்ரே அம்மா என்ன எழுதியிருக்காங்க?”

எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. “இரண்டு பக்கமும்: முழு ஆரோக்கியம். யாரும் கை வைக்க வேண்டாம்.”

அவர் ஒருமுறை மாடியைத் திரும்பிப் பார்த்தார். “மேல ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்லம்மா. எனக்கு அதுதான் உயிரு.”

“அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்கண்ணே. கேப்போம். நீங்களும் ஒரு வரி எழுதுங்க, பேனா நான் தர்றேன்,” என்றாள் தங்கை. “ஆனா ஒண்ணு, இப்பவே சொல்லிடறேன். பெல்ட்டை மாத்த மாட்டேன்.”